பின்னாலிருந்து தள்ளுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ராக் கச்சேரிக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் மைக்செட்காரன். போஸ்டரில் என் பெயர் இருக்காது. மேடைக்கு நேரெதிரே, கூட்டத்தின் நடுவில், நாலு கம்பி நட்டு மேலே தார்ப்பாய் போட்ட ஒரு கூடாரம் இருக்குமே, அதற்குள் மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிற ஆள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ண்ணா, பேஸ் ஏத்துணா" என்று கத்துகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். கல்யாண வரவேற்பு, அம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம், கல்லூரி விழா என்று எல்லாவற்றுக்கும் ஒலி போட்டுப் பிழைக்கிறோம். அதில் மனசுக்குப் பிடித்தது ராக் கச்சேரி. பயம் தருவதும் அதுதான்.

வழக்கமாக இந்த மாதிரி புத்திமதி எல்லாம் முன்வரிசைக்குத்தான் போகும். பேரிகேட்டில் ஏறாதே, மேடைக்குத் தாவாதே என்று பவுன்சர்கள் கத்துவதும் அவர்களைப் பார்த்துத்தான். நான் எழுதுவது அவர்களுக்கு இல்லை. முப்பது, நாற்பது வரிசை தள்ளி, என் கூடாரத்துக்கும் பின்னால் நின்றுகொண்டு, "இன்னா தெரியல, கொஞ்சம் முன்ன போலாம்" என்று தோளைக் கொடுக்கிறீர்களே, உங்களுக்கு. கச்சேரி நன்றாக இருக்குமா, சொதப்புமா, யாராவது ஆம்புலன்ஸில் போவார்களா என்பதில் பாடகருக்கு இருக்கும் பங்கு கொஞ்சம்தான். உங்களுக்கு இருப்பது அதைவிட அதிகம்.

முதலில் என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன்.

மதியம் சவுண்ட் செக் பார்க்கும்போது மைதானம் காலியாக இருக்கும். டிரம் செட்டில் இருக்கும் சிம்பல் தட்டின் சத்தம் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும், கித்தார் காதைக் கிழிக்கும். அப்போதே எல்லாவற்றையும் கச்சிதமாகச் சரிசெய்து வைக்க முடியாது. சாயங்காலம் நீங்கள் வந்து நின்றதும் அது வேறு மைதானம். மனித உடம்பும் துணியும் கீச்சுக் குரல், சிம்பல், கித்தாரின் கூர்மை போன்ற மேல் ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். பேஸ் அப்படி இல்லை, அதன் அலை நீளமானது, தலைகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஸ்பீக்கர்களைத் தரையில் வைக்காமல் உயரத்தில் தொங்கவிடுவது இதற்காகத்தான். தரையில் வைத்தால் முதல் பத்து வரிசையே பாதிப் பாட்டை விழுங்கிவிடும். ஆக, முதல் பாட்டு முழுக்க நான் மேடையைப் பார்ப்பதில்லை, உங்களைப் பார்க்கிறேன். எங்கே அடர்த்தி, எங்கே காலி என்று பார்த்துப் பார்த்து விரல் நகரும். எல்லாரும் முன்னால் போய் அடைந்துகொண்டு பின்பாதி மைதானம் காலியாகக் கிடந்தால், பின்சுவரின் எதிரொலி அப்படியே மேடைக்குத் திரும்பி வரும், அதற்கு நான் என்ன செய்தாலும் அரைகுறைதான். பரவி நிற்கிற கூட்டத்துக்கு நல்ல ஒலி கிடைக்கும். நெருக்கி நிற்கிற கூட்டத்துக்கு நெரிசலும் கிடைக்கும், கெட்ட ஒலியும் கிடைக்கும்.

கைதட்டலும் அப்படித்தான். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் பின்னால் நிற்கிறவருக்கு டிரம் சத்தம் 0.3 விநாடி தாமதமாகத்தான் வரும். அவர் அதற்குச் சரியாகத் தட்டினாலும், அந்தத் தட்டல் மேடைக்குத் திரும்பி வர இன்னொரு 0.3 விநாடி. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி அரை விநாடி. அதாவது உங்கள் கைதட்டல் மேடைக்குப் போய்ச் சேரும்போது தாளம் உங்களைத் தாண்டி அடுத்த தட்டுக்கும் மேலே போயிருக்கும். பெரிய மேடைகளில் டிரம்மர் காதில் தாளம் சொல்லும் கிளிக் சத்தத்தை மாட்டிக்கொண்டு வாசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம், உங்களைக் கேட்டு வாசித்தால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். அதற்காகத் தட்டாதீர்கள் என்று சொல்லவில்லை, தட்டுங்கள். ஆனால் ஒரு கூட்டம் நிஜமாகவே இசையோடு சேரவேண்டும் என்றால் தட்டுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு.

1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம். குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி ஏறக்குறைய 72,000 பேர் முன்னால் நின்று, வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரலில் ஒரு இழுப்பு இழுப்பார். நிறுத்துவார். கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். அவர் இன்னும் கொஞ்சம் வளைத்துப் பாடுவார், கூட்டமும் வளைக்கும். இணையத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்கள் இன்றைக்கே பாருங்கள். ஒலிக்காரனாக அதில் எனக்குப் பிடித்த இடம், அவர் பாடும்போது 72,000 பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்களே, அதுதான். அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து அப்புறம் பாடுவதால் தூரம், தாமதம் எதுவும் அங்கே தொல்லை இல்லை. கேட்கத் தெரிந்த கூட்டம் அது.

இது நம் பக்கத்துக்குப் புதிதா என்ன? ராக் புதிது, கித்தார் புதிது. விடியவிடிய ஒரு மேடை முன்னால் கூடி நிற்பது வட ஆற்காட்டுக்குப் புதிதே இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். நாங்கள் அதற்கும் மைக் கட்டியிருக்கிறோம். கட்டியங்காரன் கூட்டத்தை வம்புக்கிழுப்பான், கூட்டமும் பதிலுக்குக் கலாய்க்கும். அர்ச்சுனன் தபசில் நடிகர் கம்பத்தின் மேலே ஏறிப் பாடிக்கொண்டே எலுமிச்சம்பழத்தையும் பூவையும் கீழே வீசுவார், பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். துகிலுரிதல் வந்தால் இருந்த சத்தமெல்லாம் எங்கே போகும் என்றே தெரியாது. சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னாலேயே பாயைப் போட்டுப் படுத்திருக்கும், அதுகளை யாரும் மிதித்ததில்லை. எப்போது கத்துவது, எப்போது அடங்குவது என்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் அறிவிப்புச் செய்வதில்லை. அதே ஊர்ப் பிள்ளைகள்தான் இரண்டு மாதம் கழித்து ஒரு மைதானத்தில் கித்தாருக்கு முன்னால் நின்றுகொண்டு, முன்னால் நிற்கிறவன் விலா நோக முட்டுகிறார்கள். எனக்கு விளங்காத விஷயம் இது.

சரி, தள்ளுவதற்கு வருகிறேன்.

நீங்கள் செய்வது என்னவோ ஒரு அடி முன்னால் வைப்பதுதான். உங்களுக்குப் பின்னால் இருப்பவரும் ஒரு அடி. அவருக்குப் பின்னால் இருப்பவரும். உங்களைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன நெருக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்த நெருக்கம் எங்கேயும் கரைந்து போவதில்லை, வரிசைக்கு வரிசை கூடிக்கொண்டே போய் முன்னால் இரும்புக் கம்பியில் சாய்ந்து நிற்கும் பெண்ணின் நெஞ்சில் மொத்தமாக இறங்கும். அவள் பின்னால் வர முடியாது. முன்னாலும் போக முடியாது. அவள் கத்துவது உங்களுக்குக் கேட்கவும் கேட்காது, ஏனென்றால் அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் நான் போடுகிற ஒலி இருக்கிறது.

கூட்ட நெரிசலை ஆராய்ந்தவர்களில் ஜான் ஃப்ரூயின் என்கிற அமெரிக்கப் பொறியாளர் முக்கியமானவர். ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 7 பேர் என்கிற அளவுக்குப் போனால் கூட்டம் தனித்தனி ஆட்களாக இருப்பதில்லை, திரவம் மாதிரி நடந்துகொள்ளும் என்று எழுதினார். அந்த நிலையில் யாரும் தன் இஷ்டத்துக்கு நிற்கவோ நகரவோ முடியாது. ஒரு அதிர்வலை கிளம்பினால் ஆட்களைத் தரையிலிருந்து தூக்கி மூன்று மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கும், காலில் இருக்கும் செருப்பு கழன்றுவிடும். இதிலே சாகிறவர்கள் மிதிபட்டுச் சாகிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்றபடியே, நெஞ்சு விரிய இடம் இல்லாமல், மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஃப்ரூயின் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: முன்னால் நடப்பது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிய வழி இல்லாததுதான் பாதிக் காரணம்.

கச்சேரி முடிந்து கேபிள் சுருட்டப் போகும்போது பேரிகேட் ஓரமாக நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒற்றைச் செருப்புகள். ஜோடி இருக்காது, எல்லாம் ஒற்றை. ஒரு பக்கம் கண்ணாடி நொறுங்கிய மூக்குக்கண்ணாடி. அறுந்த ஐடி கார்டு கயிறு. ஒரு தடவை கொலுசு ஒன்று, திருகு போன இடம் நசுங்கிக் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கச்சேரி சூப்பர் என்று எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்ட ராத்திரிகளில்தான் இதெல்லாம் கிடக்கிறது. செருப்பைக் கழற்றுகிற அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி. தி ஹூ குழுவின் கச்சேரி. இருக்கை எண் இல்லாத டிக்கெட், முதலில் வந்தவருக்கு முன்னிடம். வாசலில் ஆயிரக்கணக்கான பேர் காத்திருக்க, திறந்த கதவுகளோ கொஞ்சம். உள்ளேயிருந்து இசை கேட்டது, கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று பின்னால் இருந்தவர்கள் முட்டினார்கள். 11 பேர் செத்தார்கள். உள்ளே வாசித்த குழுவுக்கே கச்சேரி முடிந்த பிறகுதான் விஷயம் தெரியும். 2000 ஜூன் 30, டென்மார்க்கின் ராஸ்கில்டே விழா. பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்னால் 9 பேர் நசுங்கிச் செத்தார்கள். பாடகர் எட்டி வெடர் பாட்டை நிறுத்தி, எல்லாரும் மூன்று அடி பின்னால் போங்கள் என்று கெஞ்சினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் என்று சொல்லாதீர்கள். 2023 நவம்பர் 25, கொச்சி பல்கலைக்கழக வளாகம். கல்லூரி விழா, திறந்தவெளி அரங்கம், கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. திடீரென்று மழை பிடித்தது, வெளியே நின்றவர்கள் ஒரே வாசல் வழியாக உள்ளே பாய்ந்தார்கள், வாசலைத் தாண்டியதும் கீழே இறங்கும் படிக்கட்டு. 4 பேர் இறந்தார்கள், மூன்று பேர் அங்கே படித்த பிள்ளைகள். அங்கே யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. மழையில் நனையக்கூடாது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அந்தச் செய்தியைப் படித்த பிறகு, நான் வேலைக்குப் போகிற இடத்தில் எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியை இறக்குவதில்லை. ஒரே வாசலை வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டுகிற விழாக் குழுக்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, அது தனி மடல்.

இங்கே நான் வேலை பார்த்த ஒரு கல்லூரி விழாவில் (பெயர் வேண்டாம்) இரண்டாவது பாட்டிலேயே முன்பக்க பேரிகேட் சாய்ந்தது. பின்னாலிருந்து வந்த தள்ளுதான் காரணம், நான் நடுவில் நின்று பார்த்தேன். பாட்டை நிறுத்தினார்கள். கம்பியை நிமிர்த்தி, ஆட்களைப் பின்னுக்கு அனுப்பி, மறுபடி ஆரம்பிக்க ரொம்ப நேரம் ஆனது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் வந்த ஒலி மாசு விதி சொல்கிறது, போலீஸ்காரர் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டார். கடைசி மூன்று பாட்டு போச்சு. அதில் ஒன்று, நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்த பாட்டு. "பத்து மணிக்கே கட் பண்ட்டாங்க, வேஸ்ட்டு" என்று திட்டிக்கொண்டே போனீர்கள்.

2011 அக்டோபர் 28 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் குர்காவில் மெட்டாலிகா கச்சேரி நின்றுபோன கதையும் இதே மாதிரிதான். மேடைக்கு முன்னால் தடுப்பு உடைந்தது, பாதுகாப்பு இல்லை என்று தள்ளிவைத்தார்கள், கோபப்பட்ட கூட்டம் மேடையேறி அடித்து நொறுக்கியது. அதே குழு இரண்டு நாள் கழித்து பெங்களூரு அரண்மனை மைதானத்தில் முழுக் கச்சேரி வாசித்துவிட்டுப் போனது. காட்பாடியிலிருந்து ரயிலேறிப் போய்க் கேட்டவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையை விடுவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாஷ் பிட், அதாவது மேடைக்கு முன்னால் ஒருவரோடொருவர் மோதி ஆடுகிற ஆட்டம், எனக்குப் பிடிக்கும். கூடாரத்திலிருந்து பார்த்தால் தலைகள் ஒன்றோடொன்று மோதித் திரும்பும், நடுவில் ஒரு வட்டம் திறக்கும், அப்புறம் மொத்தமாகச் சுழல ஆரம்பிக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சில இயற்பியல்காரர்கள் இந்த வீடியோக்களை உட்கார்ந்து அளந்து 2013-இல் ஒரு கட்டுரையே போட்டார்கள். பிட்டில் ஆடுகிறவர்களின் வேகங்கள் ஒரு வாயுவின் துகள்கள் போலவே பரவியிருக்கின்றன என்று கண்டார்கள். வாயு என்றால் என்ன? துகளுக்குத் துகள் இடைவெளி இருக்கும். மோதிவிட்டு விலகிப் போக இடம் இருக்கும். ஃப்ரூயின் சொன்ன கூட்டத்தில் அந்த இடம்தான் இல்லை. ஆடுவதற்கும் தள்ளுவதற்கும் நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான், கை மேலே போகிறதா பாருங்கள். சந்தோஷமாக ஆடுகிற கூட்டத்தில் கைகள் மேலே இருக்கும். நெரிபடுகிற கூட்டத்தில் கையைத் தூக்கவே முடியாது, முகம் மட்டும் காற்றுக்காக அண்ணாந்து இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அவர்கள் மேடையை ரசிப்பது மாதிரியே தெரியும்.

பிட்டுக்கு என்று உலகம் முழுக்க ஒரு எழுதாத சட்டம் உண்டு. யாராவது விழுந்தால் சுற்றியிருக்கிறவர்கள் நின்று தூக்கிவிட வேண்டும். ஆட விருப்பமில்லாதவனை இழுக்கக்கூடாது. ஓரத்தில் நிற்கிறவர்கள் சுவர் மாதிரி நின்று, தெறித்து வருகிறவனை உள்ளே திருப்பிவிட வேண்டும். நம் ஊரில் முதல் இரண்டும் தானாகவே நடக்கிறது, பார்த்திருக்கிறேன், சந்தோஷம். மூன்றாவதுதான் வரவில்லை. ஓரத்துக்காரனும் உள்ளே குதித்துவிடுகிறான், அப்புறம் வட்டம் எங்கே, மற்ற கூட்டம் எங்கே என்றே தெரிவதில்லை.

தங்கைகள் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். முதல் பாட்டுக்கு முன்னால் பேரிகேட் ஓரம் நிறைய பெண்கள் இருப்பார்கள், மதியமே வந்து இடம் பிடித்தவர்கள். நாலாவது பாட்டுக்குள் பாதிப் பேர் பக்கவாட்டில் வெளியேறி, என் கூடாரத்தைத் தாண்டிப் பின்னால் போய்விடுவார்கள். நெரிசல் மட்டும் காரணம் என்றால் பையன்களும் போயிருப்பார்கள். கூட்டத்தைச் சாக்காக வைத்துக் கை நீட்டுகிறவன் இருக்கிறான், அவனுக்கு மறைவு கொடுப்பது பின்னாலிருந்து வரும் தள்ளுதான். இடம் இருந்தால் அவன் கை யார் கை என்று தெரிந்துவிடும். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் அளவுக்கு மீறிய கூட்டம், டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியவில்லை, நெரிசலில் தொல்லைக்கு ஆளானதாகப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். உங்கள் பக்கத்தில் நிற்கிற உங்கள் நண்பன் அப்படி ஒருவன் என்றால் அவனை வெளியே இழுத்துக்கொண்டு போங்கள். அதற்கு பவுன்சர் வரவேண்டியதில்லை.

செல்போன் பற்றி எல்லாரும் புலம்புகிறார்கள், நான் ஒரு வரியோடு விடுகிறேன். ஒரு பாட்டு எடுங்கள், போதும், மேலே தூக்கிய போனுக்குப் பின்னால் நிற்கிறவன் எட்டிப் பார்க்கத்தான் முதல் அடியை முன்னால் வைக்கிறான். அப்புறம் இந்தச் சினிமாப் பாட்டுக் கூச்சல். ராகத்தை எடுத்து ராக் ஆக்குகிற அகம் மாதிரிக் குழுவாகட்டும், கானாவையும் ராப்பையும் கித்தாரையும் ஒன்றாகப் போட்ட காஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஆகட்டும், சொந்தப் பாட்டு வைத்திருக்கிறவர்களிடம் குத்துப்பாட்டு கேட்டுக் கத்துவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் சிரித்துச் சமாளிப்பார்கள். அந்த மேடையில் எத்தனை மைக் திறந்திருக்கிறதோ, அத்தனை வழியாகவும் உங்கள் கூச்சல் என் காதுக்கு வருகிறது, நான் சிரிப்பதில்லை.

கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மேடையிலிருந்து "ஒரு அடி பின்னால்" என்று யாராவது சொன்னால், அது உங்களுக்குச் சொன்னது. முன்னால் நிற்கிறவனால் அதைச் செய்ய முடியாது, அவன் முதுகில் நீங்கள் இருக்கிறீர்கள். கடைசி வரிசை முதலில் நகரணும், அப்புறம் அதற்கு முந்தையது. அரை நிமிட வேலை. தெரியவில்லை என்றால் பக்கவாட்டில் போங்கள், மேடையின் ஓரங்களில் எப்போதும் இடம் கிடக்கும், திரை வைத்திருந்தால் அங்கேயிருந்தே நன்றாகத் தெரியும். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் மட்டும் நிற்காதீர்கள். கச்சேரி இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லியிருக்கிறது, பெட்டியை ஒட்டி நின்றால் அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. நீங்களே நடுவில் மாட்டிக்கொண்டால் கையை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்கு அந்த நாலு விரல்கடை இடம் போதும். அலை வரும்போது எதிர்த்து நிற்காமல் கூடவே போய், அது தணியும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கத்தி மூச்சை வீணாக்க வேண்டாம்.

முன்னால் யாராவது மயங்கி விழுந்ததைப் பார்த்தால் என் கூடாரத்துக்கு வந்து சொல்லுங்கள். மேடைக்குப் பேசுகிற மைக் ஒன்று என் கையிலேயே இருக்கிறது, பாடகரின் காதுக்கே போகும். பாட்டை நிறுத்த எனக்கு ஒரு விரல் போதும். பேஸ் ஏற்றச் சொல்லி வருகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன், இதற்கும் வாருங்கள்.

வரும்போது கம்பியைப் பிடித்து ஆட்டாதீர்கள். மேலே தார்ப்பாயில் பனித்தண்ணீர் தேங்கியிருக்கும், நேராக மிக்ஸர் மேலேதான் கொட்டும்.

இப்படிக்கு,
காட்பாடி பக்கத்து மைக்செட்காரன் ஒருவன்